நால்வருக்கு ஒரு நடத்துநர்

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு மேற்பார்வைதான் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்க முடியாது. இருந்தால், அவர்களுக்கும் ஒரு மேற்பார்வையாளர் போடப்படுவார். இந்தப் பேருண்மையை இசைக்கும் நீட்டித்த பெருமை நகராட்சிப் பண்பாட்டுப் பிரிவின் இயக்குநரையே சேரும்.

அந்தப் பிரிவில் நால்வர் இசைக்குழு ஒன்று இருந்தது. இரண்டு வயலின், அதைவிடக் கொஞ்சம் பருத்த வியோலா, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் செல்லோ. பதினோரு வருடமாக மேலைச் செவ்விசை வாசித்துவந்தார்கள். ஒருநாள் ஆய்வுக்கு வந்த இயக்குநர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "இவங்களுக்கு யார் பொறுப்பு?" என்றார்.

"யாரும் இல்லைங்க. ஒருத்தர் மூச்சை ஒருத்தர் பார்த்துத் தொடங்குவோம்" என்றார் செல்லோ வாசிக்கும் அம்மாள்.

"மூச்சுக்குக் கோப்பு இருக்கா?"

இல்லை. ஆகவே அடுத்த வாரமே உத்தரவு வந்தது. பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவின் கண்காணிப்பாளர், 'கூடுதல் பொறுப்பாக' இசைக்குழுவின் நடத்துநர். அவர் நல்ல மனிதர். இசையோடு அவருக்கு எந்த முன்விரோதமும் கிடையாது.

உத்தரவைப் படித்த மனைவி கேட்டாள்: "நடத்துநரா? எந்த ரூட்டு பஸ்ஸு?"

"இது வேற நடத்துநர். வாசிக்கிறவங்க முன்னால நின்னு நடத்தணும். கையில குச்சி கொடுப்பாங்க."

"விசில்?"

"கிடையாது."

"அப்போ வண்டி எப்படி நிக்கும்?"

அதற்கு உத்தரவில் விளக்கம் இல்லை.

பழைய பீரோக்களுக்குப் பின்னால் இருந்த ஒத்திகை அறையில் கண்காணிப்பாளர் குச்சியை உயர்த்தினார். இறக்கினார். இசை பொங்கிக்கொண்டு வந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முப்பது வருடம் முத்திரை குத்திய கை அது. 'தட் தட்' என்பதைத் தவிர வேறெந்த ஓசையும் அதிலிருந்து பிறந்ததில்லை. ஒரு மாதம் அவர் தரையில் நடக்கவில்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் பயிற்சி செய்தார். 'இசை உற்பத்தி திருப்திகரம்' என்று மாத அறிக்கை அனுப்பினார்.

பிறகு ஒருநாள், பாட்டின் நட்ட நடுவில், தும்மல் வந்தது. ஒன்றல்ல, ஏழு. குச்சி கை நழுவி பீரோவுக்கு அடியில் உருண்டது. அவர் மண்டி போட்டு, தூசியில் கைவிட்டுத் துழாவி, எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பாட்டு அழகாக முடிந்திருந்தது.

"நான் நிறுத்திட்டேனே. நீங்க ஏன் நிறுத்தலை?"

வியோலாக்காரர்தான் வாய் திறந்தார். "நீங்க நிறுத்தினதை நாங்க கவனிக்கலை சார்."

"தொடங்கினதை?"

"அதையும்தான்."

செல்லோ அம்மாள் அவசரமாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. குச்சி கண்ணுல பட்டுடுமோன்னு பயம். அதான் தலையைக் குனிஞ்சுக்கறோம்."

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த இசை தன் கையிலிருந்து வந்ததல்ல என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இனி அந்த அறைக்குப் போகக் காரணமே இல்லையே என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. மறுநாள் கூச்சத்தை விட்டுக் கேட்டார்: "இந்தக் குழுவில நான் உண்மையாவே செய்யற மாதிரி ஏதாவது வேலை இருக்கா?"

செல்லோ அம்மாள் யோசித்தார். "பாட்டு எழுதின தாளைத் திருப்ப ஆள் இருந்தா நல்லாருக்கும். வேகமாப் போற இடத்துல எனக்குக் கை ஒழியறதில்லை."

தாள் திருப்புவதா? பதிவேடுகளை ஒரு மூலைகூடக் கிழியாமல் ஆயுள் முழுக்கத் திருப்பியவர் அவர். எங்கே திருப்புவது என்பதற்காக இசைக்குறிகளைப் படிக்கக் கற்றுக்கொண்டார். ஒருமுறை இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட, பாட்டு பிறப்பிலிருந்து நேரே இறப்புக்குத் தாவியது. மூன்றே வாரத்தில் அதுவும் சரியாயிற்று.

ஆண்டு விழா வந்தது. புது அரங்கு, ஐந்நூறு பேர். நடத்துநருக்கென்று போட்டிருந்த சிறு மேடை காலியாகக் கிடந்தது. நடத்துநரோ செல்லோவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில், விரல் நுனியை ஈரப்படுத்திக்கொண்டு காத்திருந்தார். நால்வரும் மூச்சை இழுத்தார்கள். அவரும் கூடவே இழுத்தார். முடிந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நகராட்சித் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இயக்குநரின் தொலைநோக்கு வெளிப்பட்டது மறுநாள் காலையில்தான். குற்றக் குறிப்பாணை தயாராக இருந்தது. ஒன்று, பொறுப்பான இடத்தை விட்டுக் கீழே உட்கார்ந்தது. இரண்டு, முன் அனுமதியின்றி உபயோகமான வேலை செய்தது.

"யாராவது தப்பா வாசிச்சாங்களா சார்?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"இல்லையே. அதானேய்யா பிரச்சினை." இயக்குநர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நடத்துறதுக்கு ஆளே இல்லாம எல்லாம் நல்லா நடக்குதுன்னு ஐந்நூறு பேரு கண்ணால பார்த்துட்டாங்க. அடுத்தது அவங்க இந்த நாற்காலியைத் திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?"

கண்காணிப்பாளர், மிகுந்த மரியாதையுடன், முதல் ஆளாகப் பார்த்தார்.