எந்தக் கால் முதலில்?

அவனியாபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

சென்னையில் மூளை ஆராய்ச்சி செய்யும் தம்பி சூரியபிரகாஷுக்கு அக்காள் முத்துத்தாய் எழுதுவது. ஆத்தா மீனாட்சி உன்னைக் குறைவில்லாமல் வைக்கட்டும். போனில் சொன்னால் குறுக்கே விளக்கம் சொல்லுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

போன வாரம் நம் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தவர்கள்: நீ, உன் மச்சான், என் மகள் செல்வி, அவளுடைய கபடி டீச்சர் தங்கப்பொண்ணு. பரிமாறியது நான். வேறு ஆள் இல்லை. ஆகவே நடந்ததற்கு வெளியாளைக் கைகாட்ட முடியாது.

ஒரு வித்தை பழகிவிட்டால் வேலை சிறுமூளைக்குப் போய்விடும், எதிராளி இடுப்பை அசைக்கும்போதே உடம்பு கணித்துவிடும், யோசனை பின்னால்தான் வந்து சேரும் என்று சொன்னாய். கேட்டுக்கொண்டோம். அத்தோடு கை கழுவியிருக்கலாம். "கபடி பாடிப் போயிட்டுத் திரும்புறப்ப எந்தக் கால மொதல்ல எடுக்குற?" என்று பிள்ளையிடம் கேட்டாய். அவள் தெரியல மாமா என்றாள். கவனித்துப் பார் என்று சொல்லிவிட்டு நீ பஸ் ஏறிவிட்டாய்.

அன்றிலிருந்து அவள் கவனித்துக்கொண்டே இருக்கிறாள். மூச்சுப் பிடித்துப் போகிறவள் நடுக்கோட்டைத் தாண்டியதும் குனிந்து தன் காலைப் பார்க்கிறாள், அதற்குள் நாலு பேர் மேலே விழுகிறார்கள், யார் கையிலும் சிக்காத பிள்ளை தம்பி, இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அமுக்கிப் போடுதுக. பாடப் போறியா, பரீட்சை எழுதப் போறியான்னு டீச்சர் கேட்டுட்டாங்க. நான் பாண்டி கோயிலில் வேண்டிக்கொண்டு கயிறு மந்திரித்து வந்தேன், அதை எந்தக் காலில் கட்டுவது என்று அவளுக்கும் எனக்கும் சண்டை. உன் மச்சான் ஒர்க்‌ஷாப்பைப் பாதியில் விட்டு வந்து, "ஓடுற வண்டியில எஞ்சினக் கழட்டிப் பாப்பாகளா? ஒந் தம்பி பேருல மடப்புரம் காளிகிட்ட காசு வெட்டிப் போட்டுட்டு வா"ங்கிறார். கூடப் பிறந்தவனுக்கே சாபம் போடுவதா என்று நான் இன்னும் வெட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை மாவட்ட அணிக்குத் தேர்வு. அதில் எடுத்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் இடம். வேறு வழியில் கிடைக்காது, அவள் மார்க் உனக்கே தெரியும். தெரிந்துகொண்டதை மறுபடி தெரியாமல் ஆக்க உன் படிப்பில் வழி உண்டா? இல்லையென்றால் இனி இங்கே சாப்பிட மட்டும் வா.

வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராது.

அக்காள்
முத்துத்தாய்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்குமுன் செவ்வாய் வந்துவிட்டது. செல்வியை எடுத்துவிட்டார்கள். எதிர் அணியில் ஒரு பிள்ளை, கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாளாம். ஆட்டத்துக்கு முன்னால் செல்வி அவளிடம் போய் மரியாதையாக, "அக்கா, பாயுறதுக்கு முன்னாடி மூச்ச இழுப்பீகளா, விடுவீகளா? கவனிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை ஆட்டம் முழுக்க மூச்சைக் கவனித்தது. அதன் மூக்கையே பார்த்துக்கொண்டு போனதில் இவளுக்குத் தன் கால் மறந்துவிட்டது. அந்தப் பிள்ளையை எடுக்கவில்லை. அதன் அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்து அழுதாள். வேண்டுதல் பலித்ததென்று பாண்டி கோயிலில் கற்பூரம் ஏற்ற எனக்குக் கை வரவில்லை. அந்த அம்மாவின் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன், பிள்ளை மூச்சை மறக்க அவளுக்கு என்ன வழி சொல்லட்டும்? சீக்கிரம் பதில் போடு.