எழுத்தாளரை இழுத்துக்கொண்டு ஓடிய நாள்

கட்டிய புருசனை உள்ளே விட்டுவிட்டு, முன்னே பின்னே தெரியாத ஓர் எழுத்தாளரைக் காப்பாற்றியவள் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் எங்கள் வீட்டுக்காரர் சொல்லுவார். அவர் சொல்லச் சொல்ல எழுத்தாளருக்கு வயது குறைந்துகொண்டே போகும். (போன மாசம் என் நாத்தனார் வீட்டு விசேசத்தில் சொன்னபோது அந்த மனுசர் கல்லூரிப் பையன் ஆகிவிட்டார். உண்மையில் அவருக்குத் தலை முழுக்க நரை.)

எங்களுக்குச் சிவகாசி. நான் எட்டாவதோடு சரி. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. மகள் செல்வி பத்தாவது போனதும் நின்றுவிட்டேன். வீட்டுக்காரர் ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறார். காலண்டர், வெடிப்பெட்டி லேபிள் எல்லாம் அவர் கையில் அடிபட்டு வருவதுதான். செல்வி பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. படிக்கிறாள். (பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். அவள் இன்னும் அங்கேதான் படித்தாக வேண்டும்.)

அங்கே அவ்வப்போது ஓர் எழுத்தாளரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அவர் தன் புத்தகத்திலிருந்து கொஞ்சம் வாசிப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். இந்தத் தடவை அந்தக் கூட்டத்தில் நன்றியுரை சொல்ல வேண்டியது செல்வி.

செல்விக்கு மைக் ஆகாது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பேசப் போய், "அனைவருக்கும்" என்று ஆரம்பித்தாள். "வணக்கம்" வரவேயில்லை. அப்படியே நின்று அழுதாள். அன்றிலிருந்து மைக்கைப் பார்த்தாலே கடைசி வரிசைக்குப் போய்விடுவாள். ஆனால் ஆசை என்னவோ டீச்சர் வேலைக்குத்தான். ஒரு நாள் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "முன்னால நின்னு நாலு வார்த்தை பேச வரலைன்னா நான் எப்படிம்மா கிளாஸ் எடுப்பேன்?" என்றாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் அழுததற்குக் காரணம் சொல்ல வசதியாக இருந்தது.

அவளுடைய பேராசிரியை அம்மாதான், "நீ பேசு, நான் பக்கத்துலயே நிக்கிறேன்" என்று பெயரைப் போட்டுவிட்டார்.

நான் மாரியாத்தா முன்னால் போய் நின்றேன். "பெருசா ஒண்ணும் கேக்கல தாயே. அந்த வணக்கம்ங்கிற ஒரு வார்த்தை வந்துட்டாப் போதும். மிச்சத்தை அவ பார்த்துக்கிடுவா" என்று சொல்லி, மாவிளக்கு எடுப்பதாக நேர்ந்துகொண்டேன்.

"ரெண்டு பேரும் வாங்க. ஆனா பின்னால உக்காந்துக்கங்க. அம்மா, நீ ஒண்ணும் பேசப்படாது" என்றாள் செல்வி.

"நான் என்னத்தப் பேசப் போறேன்" என்றேன். (பேசவில்லைதான். கத்தினேன்.)

"கூட்டத்துல சாப்பாடு உண்டா தாயி?" என்றார் வீட்டுக்காரர்.

"டீயும் பிஸ்கட்டும்தான்ப்பா."

"அப்பச் சாப்பிட்டே போயிருவோம்."

அன்று அவர் ரசத்துக்கு மூன்றாவது தடவை சோறு வாங்கியதுதான் பின்னால் நடந்ததற்குப் பாதிக் காரணம் என்பது என் கட்சி.

ஹாலுக்குப் போனதும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். கம்பெனிப் பழக்கம், மருந்து இருக்கிற அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. என்னைப் பார்த்து அவரும் கழற்றினார். வேறு யாரும் கழற்றவில்லை என்பதை உள்ளே போன பிறகுதான் பார்த்தோம். திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு வருவதற்குள், "செல்வியோட அம்மா அப்பாவா? முன்னால வாங்க" என்று பேராசிரியை அம்மா எங்களைக் கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டார். வெறுங்காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டோம். செல்வி மேடை ஓரத்தில் நின்று, 'பின்னால்தானே உட்காரச் சொன்னேன்' என்று கண்ணாலேயே கேட்டாள்.

எழுத்தாளர் ரொம்பச் சாதாரணமாக இருந்தார். மேடை வேண்டாம் என்று சொல்லி, நாற்காலியைக் கீழே இறக்கி, முதல் வரிசை ஓரத்தில் எங்களோடு போட்டுக்கொண்டார். எனக்கு இடது பக்கம் வீட்டுக்காரர். வலது பக்கம் எழுத்தாளர். அதற்கு அங்கிட்டு வாசல். இந்த வரிசையைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் வழக்கே இதில்தான் இருக்கிறது.

வாசல் எங்கே என்று உட்காருவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். எங்கே போனாலும் பார்ப்பேன். கோயிலில்கூடச் சாமியைக் கும்பிட்டதும் கண் வாசலைத்தான் தேடும். கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே எங்கள் போர்மேன் அண்ணாச்சி சொல்லித் தந்தது அது. "சத்தம் கேட்டா யோசிக்காதீக. கையில இருக்கிறதைப் போட்டுட்டு, பக்கத்துல இருக்கிற ஆளைப் பிடிச்சு இழுத்துட்டு வெளிய ஓடுங்க. என்ன ஏதுன்னு வெளிய போய்க் கேட்டுக்கிடலாம்." வேலையை விட்டு இத்தனை காலம் ஆகியும் அது மட்டும் உடம்பை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்காரர் எழுத்தாளரின் புத்தகத்தை வாங்கி, மோந்து பார்த்தார், முதுகைத் தடவினார், தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "பைண்டிங் சுமார். அட்டையில மஞ்சள் தூக்கலா விழுந்திருக்கு" என்று என் காதில் சொன்னார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. பார்த்தால் வேலை கெட்டுப்போகுமாம்.

எழுத்தாளர் வாசிக்க ஆரம்பித்தார். ஒரு பஸ் ஸ்டாண்டு. பூ விற்கிற ஒருத்தியிடம் யாரோ ஒரு பெண் கைக்குழந்தையைக் கொடுத்து, "செத்த வச்சுக்கங்கக்கா, வந்துடுறேன்" என்று போகிறாள். போனவளைக் காணோம். பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. பூக்காரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்க்கிறாள். அந்தப் பெண் வருவாளா, மாட்டாளா? கதை என்பது மறந்தே போய், வந்துவிடட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரைப் பார்த்தால் தலை தொங்கிவிட்டது. காலமெல்லாம் மெஷின் சத்தத்தில் இருந்தவர். ஒருத்தர் மெல்லமாகப் பேசினால் அவருக்கு அது தாலாட்டு.

பிள்ளை பசிக்கு அழும் இடத்தில் எழுத்தாளருக்கே குரல் கம்மியது. கொஞ்சம் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார்.

கதை முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள் அங்கே படிக்கிற பிள்ளைகள். முடிந்ததும் அவர் தலையில் கலர்ப் பேப்பரைப் பூவாகக் கொட்ட வேண்டும் என்று, ரெண்டு பேர் கையில் நீளக் குழாயை வைத்துக்கொண்டு தயாராக நின்றிருந்திருக்கிறார்கள். திருகினால் வெடிச்சத்தத்தோடு பேப்பர் பறக்குமே, பிறந்த நாள் வீடுகளில் பார்க்கிறோமே, அதுதான்.

டப். டப்.

எனக்குப் பேப்பர் எதுவும் தெரியவில்லை. "ஓடுங்க" என்று கத்தினேன். கை வலது பக்கம் போனது. வாசல் அந்தப் பக்கம்தானே இருந்தது. கிடைத்த மணிக்கட்டைப் பிடித்தேன், இழுத்தேன், ஓடினேன். கல்யாணத்தன்று அக்கினியைச் சுற்றும்போதுகூட நான் யார் கையையும் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததில்லை.

வேறு ஊராக இருந்திருந்தால் என்னோடு போயிருக்கும். இங்கே ஹால் முழுக்கச் சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பிள்ளைகள். அம்மாவோ அப்பாவோ அக்காவோ கம்பெனிக்குப் போகாத வீடு எங்கே இருக்கிறது? ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பிடித்துக்கொண்டு, தள்ளாமல், முட்டாமல், மூச்சு விடுகிற நேரத்தில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். பேப்பர் வெடித்த ரெண்டு பேருமே குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்கள்.

வேப்பமரத்தடிக்கு வந்துதான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் என் கையில் எழுத்தாளர். ஒரு காலில் செருப்பு இல்லை. இன்னொரு கையில் மைக்கை விடாமல் பிடித்திருக்கிறார். அதிலிருந்து அறுந்த வயர் வாசல் வரைக்கும் பாம்பு மாதிரிக் கிடக்கிறது.

குழாய்ப் பையன்களில் ஒருத்தன் மெதுவாக, "யக்கா, அது பேப்பர்க்கா" என்றான்.

கால் பூமிக்குள் போய்விடாதா என்றிருந்தது. எழுத்தாளர் மூச்சு வாங்கி முடித்து, என்னைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, என் கூட்டத்துல பாதியில எந்திரிச்சுப் போனவங்க நிறையப் பேரு. போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போனது நீங்க ஒருத்தர்தான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் செல்வியைத் தேடினேன். பேராசிரியை அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றாள். (சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாள், என்னை மாதிரி இல்லை.) சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்துவிட்டது, மைக் போய்விட்டது, அவளுடைய நன்றியுரையும் போய்விட்டது. எல்லாம் என்னால். நான் வாயைத் திறப்பதற்குள் அவள்தான் கேட்டாள்.

"அம்மா, அப்பா எங்க?"

பேப்பர் என்று தெரிந்த பிறகுதான் இது. ஆனாலும் என் கண் தலைகளை எண்ண ஆரம்பித்துவிட்டது. வெளியே வந்து ஆளை எண்ணும்போது ஒரு ஆள் குறைந்தால் எப்படி இருக்கும் என்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியே வந்தபின் உள்ளே திரும்பக் கூடாது என்பதும் அண்ணாச்சி சொன்னதுதான். திரும்பி ஓடினேன். செல்வியும் பின்னாலேயே வந்தாள்.

காலி ஹால். முதல் வரிசையில் ஒரே ஓர் ஆள். பூச்சொரிதல் முடிந்த சாமி மாதிரித் தலையிலும் தோளிலும் மடியிலும் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பேப்பர். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. குறட்டை.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஆத்தா, ஆத்தா" என்று அழுதேன். அந்தச் சத்தத்தில்தான் அவர் முழித்தார்.

"முடிஞ்சிருச்சா?" என்றார். மடியிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து விரலால் உரசிப் பார்த்தார். "நல்ல தாளு. எதுக்கு இதப் போயி கிழிச்சு எறிஞ்சாக?" பிறகு என்னைப் பார்த்து, "நீ எதுக்கு அழுகுற? கதை அம்புட்டு நல்லாவா இருந்துச்சு?"

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வயர் அறுந்துவிட்டதால் மிச்சக் கதையை எழுத்தாளர் வேப்பமரத்தடியிலேயே வாசித்தார். எல்லாரும் நெருங்கி உட்கார்ந்தோம். பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனவள் கடைசியில் மூச்சிரைக்க ஓடி வந்துவிட்டாள். "வந்துட்டா" என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். இந்தத் தடவை யாரும் எழுந்து ஓடவில்லை.

பிறகு செல்வி எழுந்தாள். மைக் இல்லை, மேடை இல்லை. மரத்தடியில் சுற்றி உட்கார்ந்திருக்கிற ஆட்கள்தான்.

"அனைவருக்கும்" என்றாள். நின்றாள்.

முந்தானையில் முடிந்துவைத்திருந்த திருநீற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"வணக்கம்" என்றாள்.

வீட்டில் மனப்பாடம் செய்ததெல்லாம் ஓட்டத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது போலும். தன் பாட்டுக்குப் பேசினாள். எழுத்தாளருக்கு, பேராசிரியை அம்மாவுக்கு, டீ போட்டவருக்கு எல்லாம் நன்றி சொன்னாள். கடைசியில், "சத்தம் கேட்டா என்ன செய்யணும்னு நம்ம எல்லாருக்கும் வீட்டுல சொல்லித் தந்திருக்காங்க. இன்னிக்கு எல்லாரும் சரியாத்தான் செஞ்சோம், எங்க அப்பாவைத் தவிர. அவரை விட்டுட்டு வந்த எங்க அம்மாவுக்கும், எங்களை நம்பித் தூங்கின எங்க அப்பாவுக்கும் நன்றி" என்றாள்.

கைதட்டல் அடங்கவே இல்லை. வீட்டுக்காரர் எழுந்து கும்பிட்டார். தலையில் இன்னும் ஒரு பச்சைப் பேப்பர் ஒட்டியிருந்தது.

மாவிளக்கு எடுத்துவிட்டேன். வணக்கம் வரட்டும் என்று கேட்டேன், வந்துவிட்டது. அதற்கு மைக் வயரை அறுக்க வேண்டும் என்று ஆத்தாளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. செல்வி இப்போது மாசாமாசம் அங்கே பேசுகிறாள், மைக்கிலேயே. எங்களையும் கூப்பிடுகிறாள். எனக்குப் போடுகிற நாற்காலிக்குப் பக்கத்தில் மட்டும் எழுத்தாளர்களை உட்கார வைப்பதில்லை.

வீட்டுக்காரர் விடுவாரா? பஸ்ஸில், கல்யாண வீட்டில், எங்கே உட்கார்ந்தாலும் முதலில் சுற்றும்முற்றும் பார்த்து, "எழுத்தாளர் யாரும் இல்லையே? அப்பச் சரி, உக்காரலாம்" என்பார்.

இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் மாரியாத்தா கோயிலுக்குப் போயிருந்தோம். சாமி கும்பிட்டு வெளியே வந்து கூட்டத்தில் நிற்கும்போது முதல் வாணம் மேலே போய் வெடித்தது. என் கை தானாகப் போய்ப் பக்கத்திலிருந்த கையைப் பிடித்தது.

அவர் வானத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "இழுக்கிறதுக்கு முன்னால ஆள் நான்தானான்னு ஒருக்கா பார்த்துக்க."

பார்த்தேன். அவர்தான்.