ஃப்ரிட்ஜ் அக்காவும் நஸ்ரினின் கடைசி ஊசியும்

தாம்பரத்தில் இருந்து கேளம்பாக்கம் வரை எத்தனை ஃப்ரிட்ஜ் இருக்கிறதோ தெரியாது. காவல் இருந்தது ஒன்றுக்குத்தான். காவல் காத்தவர் எங்கள் வார்டன். பெயர் யாருக்கும் தெரியாது. ஃப்ரிட்ஜ் அக்கா.

சிட்லபாக்கத்தில் லேடீஸ் ஹாஸ்டல். நான் சமையல். பெண்களுக்கெல்லாம் நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. அத்தனை பேருக்கும் ஒரே ஃப்ரிட்ஜ். யாராவது கதவைத் திறந்து வைத்து யோசித்தால் போச்சு.

"இன்னாடி, உள்ள சினிமாவா ஓடுது? ஜில்லு பூரா வெளிய போவுது. மூடு!"

கரண்ட் போனால் தன் கம்பளியை ஃப்ரிட்ஜுக்குப் போர்த்தி, அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். "கம்பளி சூடாக்காதா அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுடைய மீன் வறுவல் அன்றே தெருநாய்க்குப் போனது.

அந்த ஹாஸ்டலில்தான் நஸ்ரின் இருந்தாள். முப்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. மார்பில் கட்டி, புற்று என்று சொல்லிவிட்டார்கள். கீமோ ஏற்றினால் பிறகு பிள்ளை பிறப்பது சந்தேகம். அதற்கு முன்னே கருமுட்டையை எடுத்து உறைய வைத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. அதற்குத் தினம் ஊசி. ஊசி மருந்து ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும்.

"கல்யாணமே ஆவல. அதுக்குள்ள இது இன்னாத்துக்குடி?"

"அப்புறம் கிடைக்காது அக்கா. இப்ப எடுத்து வெச்சா, என்னிக்காவது எனக்குன்னு ஒண்ணு..."

அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்தார். நடுத்தட்டு முழுவதையும் காலி செய்தார்.

"அக்கா, என் தயிர்!"

"தயிர் நாளைக்கும் தோயும். இது தோயுமா? எடுத்துக்கினு போ."

அன்று முதல் ஐஸ் வாட்டர் கிடையாது. நடுத்தட்டில் ஒரு கட்டு கொத்தமல்லியை ஒளித்து வைத்து நானே பிடிபட்டேன். சாயங்காலம் ஊசி போடும் நேரத்தில் டிவி ஓடக் கூடாது.

"ஊசி எனக்குத்தானே அக்கா, நீங்க ஏன் கண்ண மூடறீங்க?" என்று நஸ்ரின் சிரிப்பாள்.

கடைசி ஊசி முட்டையை முதிர வைக்கிற ஊசி. அதுதான் முக்கியம் என்று நஸ்ரின் சொல்லியிருந்தாள். அன்றைக்குக் காலையில் போன கரண்ட் மத்தியானம்தான் வந்தது. மருந்து சூடாகியிருக்குமோ என்று அக்காவுக்குப் பயம். மருந்தைத் தூக்கி மேலே ஃப்ரீசரில் வைத்தார்.

"டாக்டரே ஒறைய வெக்கத்தான போறாங்க. இதுவும் நல்லா ஜில்லுனு கெடக்கட்டும்."

எங்கள் இருவர் படிப்புக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நஸ்ரின் வருவதற்குள் எடுத்து, உள்ளங்கையில் வைத்து இளக்கி, பழையபடி நடுத்தட்டில் வைத்தார். அவள் வந்து போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு முட்டைகூட வரவில்லை.

"மருந்து எங்கயாவது உறைஞ்சு போச்சா?" என்று டாக்டரம்மா கேட்டாராம். இல்லை என்றாளாம் நஸ்ரின். கூடப் போயிருந்த அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாராம்.

"நான்தாம்மா. மேல வெச்சேன்."

உறைந்தால் மருந்து கெடும் என்றார் டாக்டரம்மா. அதனால்தான் என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன் என்றார். மறுபடி முதலில் இருந்து ஊசி போட நாள் இல்லை. கீமோவைத் தள்ளிப்போட முடியாது.

நஸ்ரின் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அக்கா அதற்காகத்தான் காத்திருந்தார்.

கீமோவுக்கு அக்காவோடு நானும் போனேன். வாசலில் நர்ஸ் அக்காவைத் தடுத்தார்.

"சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ள வரலாம். நீங்க யாரு?"

ஹாஸ்டலையே அதட்டிய அக்கா ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"எங்க பெரியம்மா" என்றாள் நஸ்ரின்.

நர்ஸ் அக்காவின் குங்குமத்தைப் பார்த்தார். நஸ்ரினின் முக்காட்டைப் பார்த்தார். அக்காவுக்கு வழி விட்டார். நான் வாசலிலேயே நின்று பார்த்தேன்.

அக்கா அழுதார். மெதுவாக அழத் தெரியாது அவருக்கு. கீழே கேன்டீன் வரை கேட்டிருக்கும். மருந்து ஏறி முடியும்வரை நஸ்ரின் அவர் கையை விடவில்லை.