கராட் அண்ணேயும் என் சந்தனப் பொட்டும்

பேராக் மாநிலத்திலேயே துருப்பிடிக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது கராட் அண்ணேயின் நாக்கு.

மலாய் மொழியில் கராட் என்றால் துரு. தைப்பிங்கிலிருந்து இருபது நிமிடத்தில் வரும் எங்கள் படகுத்துறையில் மோட்டார் பழுது பார்ப்பவர் அவர். வீட்டுக்கு வந்தால் வணக்கம் சொல்லமாட்டார், கேட்டின் கீலைத்தான் பார்ப்பார். "ஹாபிஸ் லா, முடிஞ்சது. அடுத்த மழைக்குக் கேட்டு உன் கால்ல விழும்." விழுந்தது. அதற்காகவும் அவர்மேல்தான் எனக்குக் கோபம்.

என் மகளுக்குப் பெயர் சூட்டிய அன்று வந்தவர்கள் எல்லாரும் குனிந்து குழந்தையைப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்து தொட்டில் ஸ்பிரிங்கைப் பார்த்தார்.

"பிள்ள அழகு. ஸ்பிரிங்தான் கராட்."

அந்த மாதத்தில் மட்டும் மூன்று ஸ்பிரிங் மாற்றினேன். மூன்றாவது வாங்கப் போனபோது, "மூணும் ஒரே பிரசவமா அக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

என் கணவர் வாரநாளில் லாரி ஓட்டுபவர். வாரக்கடைசியில் தூண்டில்காரர்களைக் கடலுக்கு அழைத்துப் போகலாம் என்று, என்னைக் கேட்காமல் ஒரு பழைய மோட்டார் படகை வாங்கினார். வந்த மாதமே அது மக்கர் செய்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், பிறகு மௌனம். எங்கள் வீட்டில் அவரும் அப்படித்தான் பேசுவார்.

கராட் அண்ணே வந்தார். ஒரு போல்ட்டைக் கழற்றி நுனிநாக்கில் வைத்தார்.

"உப்பு. கழுவல."

"கழுவினேன் அண்ணே" என்றார் கணவர்.

"எந்தத் தண்ணில?"

கணவர் ஆற்றைப் பார்த்தார். அங்கே ஆறு பாதி, கடல் பாதி.

"உப்பத் தொடைக்க உப்புத் தண்ணி. நல்லாருக்கு மச்சான்."

அன்று ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். பேட்டரி முனைகளைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து மினுங்க வைத்து, மேலே கொழகொழவென்று கிரீஸ் அப்பினார். மோட்டார் முதல் திருப்பிலேயே உறுமியது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தையோடு என்னையும் கணவர் படகில் ஏற்றினார். ஆற்றுமுகத்தைத் தாண்டியதும் குழந்தை வேடிக்கை பார்க்கட்டும் என்று மோட்டாரை நிறுத்தினார். மறுபடி சாவியைத் திருப்பினால், டக். வடக்கே மழை கறுத்து நின்றது. கணவர் கயிறு சுற்றி இழுத்து இழுத்துத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு, பாதுகாப்பு அங்கியின் கொக்கியைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன். ஒரு மீன்படகு எங்களைக் கட்டி இழுத்து வந்தபோது மூவரும் நனைந்திருந்தோம்.

கரை ஏறியதும் தலையைக்கூடத் துவட்டவில்லை. படகுத்துறை வாட்ஸ்ஆப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். "கராட் அண்ணே வேலைய நம்பிக் கடலுக்குப் போகாதீங்க. என் பிள்ள செத்துப் பொழச்சு வந்திருக்கு." இருபத்தெட்டுப் பேர் கேட்டார்கள். அவரும்தான்.

மறுநாள் காலை கூப்பிடாமலே வந்தார். தோள்வலியால் கணவர் லாரிக்குப் போகவில்லை. வோல்ட் மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரி முனையில் வைத்து, கணவரைச் சாவியைத் திருப்பச் சொன்னார். பிறகு அதே கம்பியை, முனையைக் கவ்வியிருந்த ஒயர் பிடியில் வைத்து மறுபடி திருப்பச் சொன்னார்.

"பேட்டரில பதினொன்னு. ஒட்டிக்கிட்டிருக்கிற ஒயர்ல ஏழு. ஒரு நகக்கண்ணு தூரத்துல நாலு வோல்ட் எங்க போச்சு?"

கணவர் தேநீர் வாங்கப் போனார். கராட் அண்ணே பிடியைக் கழற்றினார். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அதை நகத்தால் சுரண்டினார். பச்சைக்கு மேலே மஞ்சள், மஞ்சளுக்கு மேலே சிவப்பு.

"இது யாரு வேல?"

நான்தான் என்றேன். "வெள்ளிக்கிழமை தவறாம மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம் வைப்பேன் அண்ணே. பன்னீர்ல கொழச்சு. பேட்டரி முனைக்கும் சேத்து."

"நான் வச்ச கிரீஸ்?"

"அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சிட்டேன். பொட்டு ஒட்டல."

அவர் நகத்தில் ஒட்டிய குங்குமத்தைத் துணியில் துடைத்தார். "சாமி கும்பிடு, வேணாங்கல. கரண்டு போற எடத்துல ஏம்மா ஈரத்த வைக்கிற?"

அதற்குள் கணவர் தேநீரோடு வந்துவிட்டார். "என்ன அண்ணே கோளாறு?"

படகு வாங்கிய நாள் முதல் எங்கள் வீட்டில் அதனால் சண்டை என்பது கராட் அண்ணேக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

"கராட்" என்றார். "போன தடவ சரியா தேய்க்கல. என் வேலதான்."

தேநீரைத் தொடாமல் முனைகளைத் தேய்த்தார், கிரீஸ் வைத்தார், போய்விட்டார்.

அதன்பிறகு துறையில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இன்னொரு குரல் பதிவு அனுப்பவேண்டும் என்று ஒன்பது தடவை பேசிப் பதிவு செய்தேன். கணவர் என்ன சொல்வார், குழுவில் என்ன சிரிப்பார்கள் என்று யோசித்து ஒன்பதையும் அழித்தேன். கராட் அண்ணே பீடோர் பக்கம் தோட்டங்களில் தண்ணீர்ப் பம்பு பார்க்கப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். படித்தவள், பொறுப்பானவள் என்று என்னைச் சொல்வார்கள். இருபத்தெட்டுப் பேருக்குப் பொய்யை அனுப்ப எனக்கு அரை நிமிடம் ஆனது. உண்மையை இன்றுதான், இந்தப் பக்கத்தில்தான், எழுதுகிறேன்.

ஒரே ஒரு முறை அவரே போனில் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க நான் மூச்சை இழுப்பதற்குள், "மழ வருது. பிள்ள தொட்டில் ஸ்பிரிங்கப் பாத்துக்க லா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. தொட்டிலைக் கழற்றி ஒரு வருடமாகிறது. ஸ்பிரிங்குக்கு மட்டும் மாதம் தவறாமல் கிரீஸ் தடவி வைக்கிறேன்.