மருந்தடிக்கிறவன் கை

சின்னமனூர் வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. (பொய். எங்கள் தோட்டத்தைத் தாண்டி என்னை யாரும் கூப்பிட்டதில்லை.)

கையுறை போட்டு ஸ்பிரேயர் பிடிப்பவன் நான் மட்டும்தான். வெறுங்கையோடு மருந்து கலக்கித் தரும் மச்சினன் பாண்டியைப் படிக்காத பயல் என்று கேலி செய்வேன். நான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததே ஓட்டுப் போடத்தான்.

போன வருடம் என் இரண்டு கையும் சிவந்து, வெடித்து, நீர் வடிந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஸ்பிரேயர் பாண்டிக்குத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். பாண்டிக்கா? மறுநாளே பெண்டாட்டியோடு தேனிக்குப் பஸ் ஏறினேன்.

தோல் டாக்டரம்மா வெளியூர்க்காரர், சின்ன வயசு. கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மருந்து எதுவும் போட்டீர்களா என்றார்.

"வாரத்துக்கு ரெண்டு தடவ."

"எவ்வளவு போடுவீங்க?"

என் திறமையைக் கேட்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். "எரநூறு லிட்டரு. காத்தில்லாட்டி நானூறு."

நர்ஸம்மா இரண்டடி தள்ளி நின்றார். டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"இவுக செடிக்கு அடிக்கிறதச் சொல்றாக டாக்டரம்மா," என்றாள் பெண்டாட்டி. "தோலுக்கு வெறும் தேங்கா எண்ணதான்."

அப்புறம் போலீஸ் விசாரணை மாதிரிதான். என்னென்ன மருந்து, எங்கே படும், வேலைக்குப் போகாத நாளில் குறைகிறதா, எல்லாம் கேட்டார். கொடி வெட்டும்போதும் கையுறை போடுவேன் என்று பெருமையாகச் சொன்னேன். எது ஆகவில்லை என்று பார்க்க, ஒவ்வொரு பொருளாக வைத்த சின்னச் சின்ன ஒட்டுகளை முதுகு முழுக்க ஒட்டி, இரண்டு நாள் குளிக்காதே என்றார். (அதில் நான் கெட்டிக்காரன்.)

பிரித்தபோது ரப்பருக்கு வைத்த இடம் மட்டும் பணியாரமாக வீங்கியிருந்தது.

"கையுறை முடியிற கோட்டோட சிவப்பும் நிக்குது பாருங்க. உங்களுக்கு ஆகாதது அந்த ரப்பர்தான். ஆறுற வரைக்கும் ஸ்பிரேயரைத் தொடாதீங்க. அப்புறம் வேற ரகக் கையுறை போடுங்க."

பாதுகாப்பாக இருந்தே நோய் வாங்கிய மகராசன் ஆனேன். இன்றும் வீட்டில் யாராவது ஹெல்மெட்டை எடுத்தால் போதும், "பாத்துலே, மாமா கணக்கா தலையெல்லாம் வெடிச்சிரும்," என்கிறார் மாமியார்.

வேற ரகக் கையுறையை முதலாளி உடனே வாங்கினார். பாண்டிக்கு. கை ஆறியதும் நேராகப் போய், என் ஸ்பிரேயரைக் கொடுங்கள் என்று கேட்டேன். அதற்கு முதலாளி என்ன சொன்னார் என்றால்...

"மாமா, அங்கன என்ன கத? மருந்து கலக்குற ட்ரம்முல தண்ணி கொறையுது. வெரசாக் கொண்டாங்க."

இதோ வர்றேன்டா பாண்டி.