ரிலீவர் வராமல் நகரக் கூடாது

வியாழக்கிழமை சாயங்காலம் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்காரர் அறிவித்தார்.

"குழலி, இனி வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. மூணு நாள் ஓய்வு. புதுச் சட்டமே இடம் கொடுத்திருக்கு."

மகேந்திரன், மைசூரில் பாட்டில் மூடி செய்யும் ஒரு ஃபாக்டரியில் சூப்பர்வைசர். நாட்டுக்கே இவர்தான் விடுதலை வாங்கிக் கொடுத்த மாதிரி நின்றார்.

"அந்த நாலு நாளும் எத்தனை மணி நேரமுங்க?"

"பன்னண்டு."

நேரத்தைக் குறைக்கவில்லை. புடவை மாதிரி மடித்து வைத்திருக்கிறார்கள். நீளம் அதேதான்.

பாப்பாவுக்கு மூன்று மாதம். கான்வென்ட் சிஸ்டர்கள் எனக்கு ரிப்பன் கட்டவும் முழங்கால் மடக்கிக் கர்ட்சி வணக்கம் வைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். தூங்குகிற குழந்தை தூங்கத்தான் செய்கிறது என்று எப்படி நம்புவதென்று யாரும் சொல்லித் தரவில்லை. அவள் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அவள் தூங்குவாள். நான் தூங்கி வாரக்கணக்காகிறது. இந்த லட்சணத்தில், பகல் முழுக்கத் தனியாகவா?

"அந்த மூணு நாளும் வீட்லதானே இருப்பீங்க?"

"ஓய்வுன்னா மனசு ஓயணும். நாளைக்கு நானும் எங்க ஃபாக்டரி கணேஷ்குமாரும் ஆத்துக்குத் தூண்டில் போடப் போறோம்."

"அப்ப எனக்கு ஓய்வு?"

"நீ வீட்லதானே இருக்கே. உனக்கு தினமும் லீவு."

அவருடைய ஃபாக்டரிக் கதை ஒன்று ஞாபகம் வந்தது. மாற்றிவிட வேண்டிய அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வருவதற்கு முன்னே மெஷினை விட்டுப் போன ஒருவனை, வாசலிலிருந்து திருப்பிக் கூட்டிவந்து நிறுத்தினாராம். சாம்பாருக்கு உப்புப் போடுவதுபோல் தினமும் அதைச் சொல்வார்.

காலையில் தூண்டிலும் கையுமாகக் கிளம்பினார். கீழே ஹாரன். "பேகா பாரோ, மகேந்திரா" என்று, சீக்கிரம் வரச் சொல்லிக் கணேஷ்குமாரின் அவசரக் கன்னடம்.

நான் பாப்பாவை அவர் தோளில் சாய்த்தேன்.

"பால் குடிச்சாச்சுங்க. ஏப்பம் பாக்கி. என் ஷிப்ட் முடிஞ்சுது."

"என்ன விளையாட்டு இது?"

"ராத்திரி பூரா நான்தானுங்களே முழிச்சிருந்தேன். பன்னண்டு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கினா சட்டம் என்ன சொல்லும்?"

"நான் வெளியே போகணும், குழலி."

"போங்க. ரிலீவர் வந்ததும்."

"ரிலீவர் எப்ப வருவாங்க?"

"தூங்கி எழுந்ததும்."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். தூக்கமா வரும்? கதவில் காதை வைத்தேன். பாப்பா சிணுங்கினாள். அவர் ஏதோ முணுமுணுத்தார். ஹாரன் இன்னொரு தரம் அடித்தது. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. அந்த நிசப்தம் எனக்குப் பிடிக்கவில்லை. கதவைத் திறந்தேன்.

பாப்பா அவர் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூண்டில் தரையில் கிடந்தது. அவர் விரல் அவள் மூக்கடியில். முகம் வெளிறியிருந்தது.

"குழலி," என்றார் காற்றாக, "மூச்சு விடறாளா?"

"விடறாளுங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப கணேஷ்கிட்ட சொல்லிடு. மெஷின் ஓடுது, விட்டுட்டு வர முடியாதுன்னு."

சொல்லிவிட்டு வந்து படுத்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில்தான் விழித்தேன். காலிப் பால் புட்டி பக்கத்தில் கிடக்க, அவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனார். இப்போது அரைமணிக்கொரு தரம் ஃபாக்டரியிலிருந்து போன் வருகிறது, "மூச்சு விடறாளா?" என்று. மணிச் சத்தத்தில் பாப்பா எழுந்துவிடுகிறாள்.