ஒரு பாட்டில் அடிக்கடல்

பாட்டிலில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் அது கழுத்துவரை நிரம்பியிருந்ததைக் கடல் ஆய்வாளரான மருமகள் தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் ஃப்ரிட்ஜை மூடியிருந்தாள்.

"இதுல இருந்த தண்ணி எங்கே?"

"நான்தாம்மா எடுத்தேன்," என்றார் மாமனார், தொண்டையைத் தடவியபடி. "ஒரே கரகரப்பு. இதை நாக்குல வச்சுப் பார்த்தேன், உப்புக் கரிச்சுது. மருமக நமக்காகக் கரைச்சு வச்சிருக்கா, தங்கமான பொண்ணுன்னு நெனச்சுக்கிட்டே கொப்புளிச்சேன். நல்ல குணம் தெரியுது."

அவர் கொப்புளித்துத் துப்பியது முப்பது வருஷத்துக்கு முந்திய கடல்.

அந்தத் தண்ணீரை எடுத்த உள்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒரு குறுகலான வாசல்தான் உண்டு. கடுங்குளிர் அடிக்கிற வருஷத்தில் மட்டும் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து, ஆழத்துப் பள்ளத்தில் இறங்கிப் பழைய தண்ணீரை வெளியே தள்ளும். இப்போதெல்லாம் குளிர் பேருக்குத்தான் வந்துபோகிறது. ஆகவே அடித்தண்ணீர் வருஷக்கணக்காக அசையாமல் கிடக்கிறது என்பது அவள் கட்சி. அதை நிரூபிக்க, இந்த வருஷத்து அடித்தண்ணீரைப் பழையதோடு ஒப்பிட வேண்டும். பழையது என்று உலகத்தில் இருப்பது இந்த ஒரே பாட்டில். நாளைக் காலை நிபுணர் குழுவின் முன்னால் சோதனை. அது நடக்காவிட்டால் அவள் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

ஆய்வகத்தில் குளிர்ப்பெட்டி படுத்துவிட்டதே என்று, பத்திரமாக இருக்கட்டும் என வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

இதையெல்லாம் அவள் மாமனாருக்கு விளக்கி முடிப்பதற்குள் கணவன் குழாயடிக்குப் போய்த் திரும்பியிருந்தான்.

"இந்தா, கழுத்துவரைக்கும் ரொப்பிட்டேன். இதுக்குப் போய் இவ்வளவு சத்தமா?"

"பாட்டில் ரொம்பியாச்சு. கடல் எங்கே?"

"அண்ணி, விடுங்க," என்று புகுந்தான் கொழுந்தன். டியூஷனில் வேதியியல் நடத்துகிறவன். "உப்புக் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதானே?" அவள் தடுப்பதற்குள் உப்பை அள்ளிப் போட்டுக் குலுக்கி, ஒரு சொட்டு நக்கியும் பார்த்தான். "அசல் கடல்!"

"அது பெருங்கடல் உப்பு, தம்பி! ஆத்துத் தண்ணி வந்து கலக்கிற உள்கடல்ல அதுல பாதிகூட இருக்காது!"

"அப்போ தண்ணி விட்டா சரியாப் போச்சு."

விட்டான். பாட்டில் வழிந்தது. வழிந்ததைப் பிடிக்கக் கணவன் இன்னொரு பாட்டிலை நீட்டினான். ஒரு கடல் இரண்டு கடல் ஆயிற்று.

மாமனார் எட்டிப் பார்த்தார். "ரெண்டாவது எனக்காம்மா?"

அவள் செருப்பை மாட்டினாள்.

"யாருக்குத் தெரியப் போகுது? ஒண்ணை அப்படியே கொண்டுபோய் வச்சிடு," என்றான் கணவன்.

"எனக்குத் தெரியுமே! இதை எடுத்த பேராசிரியர்கிட்டயே கேக்கறேன். கடலுக்கு அடியிலயே துழாவினவ, ஒரு பாட்டிலைத் தேட மாட்டேனா?"

ஓய்வு பெற்ற பேராசிரியர் வீட்டுக் கூடத்தில், மாமனாரின் கொப்புளிப்பு முதல் கொழுந்தனின் உப்பு வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"ஐயா, இன்னொரு பாட்டில் எங்கேயாவது ஒதுக்கி வச்சிருக்கீங்களா? இல்லேன்னா, நடந்ததைக் குழுகிட்ட அப்படியே சொல்லிடுவேன். திட்டம் போனாப் போகட்டும். மறுபடி எழுதிப் போட்டு, மறுபடி கப்பல் ஏறுவேன். விடறதா இல்லை."

பேராசிரியர் நாற்காலியைவிட்டு எழுந்தார். மீசை துடித்தது.

"இன்னொண்ணா? அது ஒண்ணே ஒண்ணு! புயல்ல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நான் கொண்டுவந்த தண்ணி! அதைப் போய்... கொப்புளிச்சாரா?"

அவள் தலைகுனிந்து நின்றாள். சமையலறையிலிருந்து பேராசிரியரின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எதுக்குங்க அந்தப் பொண்ணை மிரட்டுறீங்க? பாட்டிலைக் கப்பல்லயே உடைச்சுட்டு வந்து நீங்க முழிச்சப்போ, நான்தானே இந்தச் சமையக்கட்டுல கரைச்சுக் கொடுத்தேன்? நீ உக்காரும்மா, உனக்கும் ஒரு பாட்டில் கரைச்சுத் தரேன்!"